ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு எந்தப் பயிற்சி எதற்கு? குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"மூணு வயசாகியும் பேசலைன்னா என்ன? இவன் வாப்பாவும் லேட்டாத்தான் பேசினான்." வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் ஆறுதல் இது. ஆனால் இதை நம்பிக் காத்திருக்கும் ஓரிரு வருடங்கள்தான், பிள்ளையின் மூளை மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும் வருடங்கள். பயம் தேவையில்லை. தாமதமும் கூடாது.

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கம், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு ஆகியவை மூளை வேறு விதமாக இயங்கும் நிலைகள். இவை தொற்றுநோயோ மனநோயோ அல்ல; தாயின் வளர்ப்பில் நேர்ந்த குறையும் அல்ல. எனவே பயிற்சியின் நோக்கம் பிள்ளையை வேறு ஆளாக மாற்றுவதல்ல. தன் தேவையைச் சொல்லவும், தன் வேலையைத் தானே செய்யவும், பதற்றமின்றி வாழவும் உதவுவதே நோக்கம்.

முதல் படி: பரிசோதனை

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, பேசிய சொற்களை இழப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட முதற்கட்டப் பரிசோதனை உள்ளது. முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

சிறு பிள்ளைகளுக்கு

பேச்சுப் பயிற்சி: இது உச்சரிப்புக்கு மட்டுமல்ல, கருத்துப் பரிமாற்றத்துக்கும்தான். பேச்சு வராத பிள்ளைக்குப் பட அட்டைகளையும், சென்னையில் உருவான 'ஆவாஸ்' போன்ற செயலிகளையும் பயன்படுத்துவார்கள். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சம் தவறானது. அதுபோல, வீட்டில் தமிழோ உருதுவோ எது பேசுகிறீர்களோ அதிலேயே பேசுங்கள். இரு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை.

செயல்முறைப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி): பட்டன் போடுவது, சாப்பிடுவது, பென்சில் பிடிப்பது போன்ற அன்றாடத் திறன்களுக்கானது. சத்தம், வெளிச்சம், துணியின் உரசல் ஆகியவற்றைத் தாங்க முடியாத பிள்ளைகளுக்கும் வழி காட்டும்.

நடத்தைப் பயிற்சி (ஏ.பி.ஏ.): ஒரு திறனைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஊக்கம் தந்து கற்பிப்பது. பலனடைந்தவர்கள் உண்டு. ஆனால் சிறுவயதில் இதைப் பெற்ற ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், இயல்பை அடக்கி நடிக்கக் கற்பித்ததாக விமர்சிக்கிறார்கள். ஆகவே கேளுங்கள்: பிள்ளை கையசைப்பதை நிறுத்துவது இலக்கா, தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லவைப்பது இலக்கா? அழும்போதும் பயிற்சியைத் தொடரும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பெற்றோர் பயிற்சி: வாரத்தில் இரண்டு மணி நேரம் மையத்தில் கழியும்; மீதி நேரம் முழுதும் வீட்டில்தான். குளிக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் எப்படிப் பேசுவது என்பதைப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் மையமே நல்ல மையம். கதவுக்கு வெளியே உட்கார வைக்கும் மையம் அல்ல.

பள்ளி வயதிலும் பதின்ம வயதிலும்

ஏ.டி.எச்.டி.க்கு ஆறு வயதுக்குள் பெற்றோர் பயிற்சியே முதல் வழி. அதற்குமேல் தேவைப்பட்டால் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. நோன்பு காலத்தில் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேளையை மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

டிஸ்லெக்சியாவுக்கு மருந்து இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைத்து முறையாகக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்சியே தீர்வு. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். மதரஸா உஸ்தாதிடமும் நிலையை விளக்குங்கள். எழுத்து கூட்டத் தடுமாறும் பிள்ளை கேட்டு ஓதலாம். அடி வாங்க வேண்டியதில்லை.

பதின்ம வயதில் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் வரும். எண்ணங்களையும் செயல்களையும் சீராக்கும் சி.பி.டி. ஆலோசனை பலருக்கு உதவுகிறது. பருவ மாற்றம், சுத்தம், தொடுதலின் எல்லைகள் ஆகியவற்றைப் படம் போட்டு, வெட்கப்படாமல் சொல்லித்தர வேண்டும்.

பெரியவர்களுக்கு

சிலருக்கு முப்பது, நாற்பது வயதில்தான் காரணம் தெரிகிறது. பெண்களிடம் அறிகுறிகள் மறைந்தே இருப்பதால் தாமதம் அதிகம். வேலை, பணம், நேரம் ஆகியவற்றைத் திட்டமிடும் பயிற்சியும், மனநல ஆலோசனையும், தேவைப்பட்டால் மருந்தும் இவர்களுக்கு உதவும். திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று நிலையை மறைத்து நிக்காஹ் முடிப்பது இருவருக்கும் அநீதி.

ஏமாறாதீர்கள்

ஸ்டெம் செல் ஊசி, உடலிலிருந்து உலோகம் நீக்கும் சிகிச்சை, அழுத்த ஆக்சிஜன் அறை ஆகியவை ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் கூறியது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. ஜின் பிடித்திருக்கிறது என்று கட்டிவைப்பதும் அடிப்பதும் கொடுமை. துஆ செய்யுங்கள், சிகிச்சையும் தேடுங்கள். ஒன்று மற்றதற்குத் தடையல்ல.

செலவுக்கு உதவி

தமிழ்நாட்டில் அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு சேவை மையங்களில் 18 வயது வரை இலவசப் பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்துள்ளது, அதற்கான யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் சேர்த்து, பெறலாம்.

ஜும்ஆ கூட்டத்தின் சத்தத்தில் காதைப் பொத்தி அழும் பிள்ளையை முறைத்துப் பார்க்காமல், ஓரமாக அமைதியான இடம் தருவது ஜமாஅத்தின் பங்கு. கூட்டம் குறைந்த வேளையில் அழைத்துவந்து பழக்குவது பெற்றோரின் பங்கு. சந்தேகம் இருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.