ஒரு வாரத்தில் எழுந்த மண்கோட்டை

ஃபர்வானியாவிலிருந்து குவைத் நகருக்குள் போகும்போதெல்லாம் பழைய மண்மதிலின் வாயில்களைப் பார்க்கிறேன். 1920-இல் எழுப்பிய மதிலை, நகரம் வளர இடம் வேண்டி 1957-இல் இடித்தவர்கள், வாயில்களை மட்டும் நினைவுக்கு விட்டுவைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பாளையக்காரர் கட்டபொம்மனின் கோட்டையும் மண்தான், சுற்றிலும் முள்வேலி. 1799 செப்டம்பரில் பானர்மேன் படை அதைப் பிடித்தது. அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள், கோட்டையையும் இடித்தார்கள். 1801 பிப்ரவரி 2-இல் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரம் கழித்து வந்த கம்பெனிப் படையின் கண்முன் கோட்டை மறுபடி நின்றது! மண்கோட்டைதானே என்கிறோம், கல்கோட்டையை யாரால் ஒரு வாரத்தில் எழுப்ப முடியும்? மார்ச் 31 தாக்குதலையும் தாங்கி, மே 24-இல்தான் அது விழுந்தது.

இடித்தால் மீண்டும் எழும் என்று கம்பெனிக்குப் புரிந்துவிட்டது போலும். இம்முறை நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊர்ப்பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்கினார்கள்.

இன்று நம் பிள்ளைகள் விடுமுறையில் படம் எடுத்துக்கொள்வது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டையின் முன். பழைய கோட்டையின் அடித்தளங்கள் அதற்குப் பின்னால் கிடக்கின்றன.