கெட்டுப்போன மதுவிலிருந்து பிறந்த அழகன்

புனித வெள்ளி விடியும் முன்பே ஸ்பெயினின் செவில் நகரத் தெருக்களில் மக்கரேனா அன்னையின் திருவுருவம் பவனி வரும். கூட்டத்தில் யாராவது ஒருவர் "குவாப்பா!" என்று குரல் கொடுப்பார், தெருவே சேர்ந்து முழங்கும். அழகி என்று பொருள். ஆணென்றால் குவாப்போ. இறைவனின் தாய்க்கு ஓர் ஊரே சூட்டும் இந்தச் சொல்லின் பூர்வீகம் கெட்டுப்போன மது என்பதே பெரும்பாலான சொற்பிறப்பு ஆய்வாளர்களின் முடிவு.

வீரியம் இழந்து சப்பென்று ஆகிவிட்ட திராட்சை மதுவை ரோமானியர்கள் 'வப்பா' என்றார்கள். மனம் கெட்டவனுக்கும் அதுவே வசைச்சொல் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் அங்கதக் கவிதைகளிலும் உதவாக்கரைக்கு இதே பெயர்தான். அந்தச் சொல் பழைய பிரெஞ்சு வட்டார வழக்கொன்றில் சோம்பேறி, போக்கிரி என்று உருமாறி, ஜெர்மானிய உச்சரிப்பின் சாயலில் முதலெழுத்தும் மாறி, ஸ்பெயினுக்குள் வந்தது.

ஸ்பெயினில்தான் அதன் தலையெழுத்து திரும்பியது. சண்டைக்கு அஞ்சாத போக்கிரி நன்றாக உடுத்துவான், கெத்தாக நடப்பான், பெண்களைச் சுற்றி வருவான். ஊர் அவனைத் திட்டியது, திட்டிக்கொண்டே ரசித்தது. அந்த ரசனைதான் வசையை மெல்லமெல்லப் புகழாக்கியது என்று நம்புகிறேன். வம்புக்காரன், பெண்ணைச் சுற்றும் காதலன் என்ற பழைய பொருள்களை ஸ்பானிய அரசக் கல்விக்கழகத்தின் அகராதி இன்றும் தாங்கி நிற்கிறது. சந்தைக் கடைக்காரரோ முன்பின் தெரியாத பெண்ணையும் "குவாப்பா, என்ன வேணும்?" என்று இயல்பாகக் கேட்கிறார்.

கடல் கடந்த இடங்களில் போக்கிரி முழுதாக மறையவில்லை. நேப்பிள்ஸின் 'குவாப்போ' பேட்டை ரௌடி. 1940இல் சாமுவேல் ஐக்கல்பாம் எழுதிய அர்ஜென்டினா நாடகமான 'உன் குவாப்போ தெல் நோவெசியென்தோஸ்' கத்திக்கு அஞ்சாத புவெனஸ் ஐரிஸ் அடியாளின் கதை. பியூர்ட்டோ ரிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் ஒருவர் 'குவாப்போ ஆகிவிட்டார்' என்றால் அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, ஒதுங்கிப் போவது நல்லது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸிலோ அழகன் என்ற பொருளே வேர்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது பராகுவே வழக்கு. பொழுது விடியும் முன் எழுந்து, வீட்டையும் வேலையையும் சலிக்காமல் இழுத்துப்போட்டுச் செய்யும் பெண்ணை அங்கே குவாப்பா என்பார்கள். அவள் முகம் எப்படியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.