மாலாவும் தீயும்

நடு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் மாலா என்றொரு விலங்கு உண்டு. முயலளவே ஆன, செம்பழுப்பு நிறக் கங்காரு இனம் அது. எச்.எச். ஃபின்லேசன் என்னும் இயற்கை ஆய்வாளர் 1935 இல் வெளியிட்ட நூலில் மாலா வேட்டையொன்றை நேரில் கண்டவாறு விவரித்துள்ளார். பழங்குடி மக்கள் புல்வெளிக்குத் தீயிட்டு, வெளிப்படும் மாலாக்களை வேட்டையாடுவர். 56 ஆண்டுகள் கழிந்து 1991 இல், பெருநிலப்பரப்பின் காடுகளில் எஞ்சியிருந்த கடைசி மாலாக் கூட்டமும் மறைந்தது. எரித்து வேட்டையாடியோர் இருந்த காலமெல்லாம் வாழ்ந்த விலங்கு, அவர்கள் அகன்றபின் அழிந்தது ஏன்?

விடையின் முதற்பகுதி புல்லில் இருக்கிறது. ஸ்பினிஃபெக்ஸ் எனப்படும் அப்புல் ஊசிமுனை இலைகளுடன் குன்றுகுன்றாக வளர்வது, பிசின் மிகுந்தது, ஆதலின் பச்சையாக இருக்கும்போதே எரியவல்லது. முதிர்ந்த புற்குன்றின் அடியில் மாலா வெயிலுக்கும் பகைக்கும் ஒதுங்கும். ஆனால் அம்முதிர்புல்லில் அதற்கு உணவு குறைவு. எரிந்த இடத்தில் மழைக்குப்பின் முளைக்கும் இளந்தளிரும் விதைச்செடிகளுமே அதன் இரை. நெடுந்தொலைவு செல்லாத சிற்றுயிருக்கு உறைவிடமும் உணவும் அருகருகே அமைய வேண்டும். பழம்புல்லும் புதுப்புல்லும் திட்டுத்திட்டாகக் கலந்த நிலமே அதற்கு உகந்தது.

அத்தகைய நிலம் தானாக அமைந்துவிடவில்லை. மேலைப் பாலையில் வாழும் மார்ட்டு மக்கள், எரிந்த நிலம் மீண்டும் முதிரும் வரையுள்ள பருவங்களை ஐந்து பெயர்களால் வழங்குகின்றனர். எரிந்து கருகிய நிலம் ஞூர்ன்மா; தளிர்விடும் நிலம் வாரு-வாரு; மிக முதிர்ந்து புல் உலர்ந்த நிலம் குனார்க்கா. வெள்ளையர் வெறும் புல்வெளி என்று கடந்துபோன இடம் இது. எந்தத் திட்டில் எதைத் தேடலாம், எதை எப்போது எரிக்கலாம் என்னும் அறிவு இப்பெயர்களோடு இணைந்து வருகிறது. சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் இதை எளிதில் கடந்துவிட இயலாது. குளிர்காலத்தில் மார்ட்டுப் பெண்கள் சிறுசிறு திட்டுகளாக எரித்து மணல் உடும்பை வேட்டையாடுகின்றனர். அண்மைக்கால ஆய்வுகளோ, வேட்டை மிகுந்த இடங்களிலேயே அவ்வுடும்பும் மிகுந்திருப்பதைக் காட்டியுள்ளன.

தீயும் புல்லும் கங்காருவும் மனிதரும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைத் தாமஸ் மிட்செல் என்னும் நில அளவையாளர் 1848 இலேயே எழுதிவிட்டார். அறிஞருலகம் அதனைப் பொருட்படுத்த நெடுநாள் ஆயிற்று. 1969 இல் ரைஸ் ஜோன்ஸ் என்னும் தொல்லியலாளர் 'தீக்கோல் வேளாண்மை' என்று பொருள்படும் தொடரை ஆக்கிய பிறகே விவாதம் சூடுபிடித்தது.

அதற்குள் பாலைநிலம் பெரும்பாலும் ஆளற்றுப் போயிருந்தது. கிறித்தவ நிலையங்களும் கால்நடைப் பண்ணைகளும் அரசுக் குடியிருப்புகளும் மக்களை ஈர்த்தன. சில இடங்களில் அரசே அவர்களை அகற்றியது. 1964 இல் 'ப்ளூ ஸ்ட்ரீக்' ஏவுகணைச் சோதனைக்கு முன்பாக, பெர்சிவல் ஏரிகளின் பகுதியில் வாழ்ந்த மார்ட்டுப் பெண்களும் குழந்தைகளும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். 1953 இல் எடுத்த வான்வழிப் படங்களில் மேலைப் பாலை சிறுசிறு எரிதிட்டுகளாகக் காணப்படுகிறது. பிற்காலச் செயற்கைக்கோள் படங்களிலோ, மின்னல் மூட்டிய கோடைத்தீ ஒரே வீச்சில் எரித்த பெரும்பரப்புகளே தெரிகின்றன.

ஆயினும் தீ ஒன்றையே காரணமாக்குவது வரலாறாகாது. மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பெர்னியர், டோர் என்னும் தீவுகளில் மாலா அழியவே இல்லை. திட்டுத்திட்டாக எரிக்கும் வழக்கம் அங்கு இல்லை. நரியும் பூனையும் அங்குப் போய்ச் சேரவில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த அவ்விரண்டும் பெருநிலத்தில் செய்த அழிவு பெரிது. பெருந்தீ மறைவிடத்தை அழிக்க, வெட்டவெளியில் அகப்பட்ட உயிரை நரியும் பூனையும் முடித்தன என்பதே என் கருத்து. இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாலா பிழைத்திருந்த அதே இரு தீவுகளில்தான் 1908 முதல் 1919 வரை, நோயாளிகள் என்ற பெயரில், பழங்குடி ஆண்களும் பெண்களும் பிடித்துச் செல்லப்பட்டு அடைத்து வைக்கப்பட்டனர்.

பெருநிலத்தில், வார்ல்பிரி மக்களின் நாடாகிய தனாமி பாலையில் இறுதியாக இரு சிறு கூட்டங்கள் எஞ்சின. ஒன்றை 1987 இல் நரி அழித்தது. மற்றொன்றை 1991 இல் காட்டுத்தீ விழுங்கியது. அதற்கு முன்பே சில மாலாக்களைப் பிடித்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வளர்த்து வந்ததால் அவ்வழியேனும் அறுபடாமல் நின்றது.

உலுரு பாறையைச் சூழ்ந்த நாட்டின் அனாங்கு மக்களுக்கு மாலா வெறும் இரையன்று. அப்பாறைக்கு வந்து சடங்கு நடத்திய முன்னோருள் ஒருவர். அக்கதை பாறையின் குகைகளிலும் பிளவுகளிலும் இடம்பெற்று வாழ்ந்துவர, கதைக்குரிய விலங்கு அந்நிலத்தில் இல்லாமற் போயிருந்தது. 1985 இல் உலுரு அனாங்குகளிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 2005 செப்டம்பரில் 170 ஹெக்டேர் பரப்பை நரியும் பூனையும் புகாதவாறு வேலியிட்டு 24 மாலாக்களை விட்டனர். அப்பூங்காவில் குளிர்காலந்தோறும் அனாங்கு முதியோரின் வழிகாட்டலோடு திட்டுத்திட்டாகப் புல்லை எரிக்கின்றனர். வேலி இன்னும் அகற்றப்படவில்லை.