பஸ்ஸில் இடமில்லை

கணினியின் வரலாறு பெரும்பாலும் இரண்டு பொருட்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ப்ராசசர் எவ்வளவு வேகமானது, டிஸ்க் எவ்வளவு பெரிதானது. விளம்பரத்திலும் கொட்டேஷனிலும் வருவது இவை இரண்டும்தான். இவற்றுக்கு நடுவில் ஒரு பாதை ஓடுகிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு, அதை எழுதியவர்கள் குறைவு. காசு கொடுத்து வாங்கிய வேகம் பல சமயம் தொலைந்துபோவது அந்தப் பாதையில்தான் என்பதை என் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பாதையின் பெயர் பஸ். நாம் ஏறிப் போகும் பஸ்ஸும் இதுவும் ஒரே வேரில் வந்தவை. ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு ‘எல்லோருக்கும்’ என்று பொருள். அதன் கடைசித் துண்டுதான் பஸ். மின்நிலையத்தில் எல்லா இணைப்புகளுக்கும் பொதுவாக ஓடும் உலோகப் பட்டையைப் பஸ்பார் என்பதும் இதனால்தான். கணினியில் டிஸ்க் கார்டு, நெட்வொர்க் கார்டு, வீடியோ கார்டு எல்லாம் தங்கள் சரக்கை மெமரிக்குக் கொண்டுபோகவும் எடுத்துவரவும் பயன்படுத்துகிற பொதுவழி அது. ஒரு கார்டு பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது போனவர்களுக்கு இது எளிதில் புரியும். உள்ளே நூற்றுக்கணக்கில் கடைகள். இன்னும் நூறு கடை போட்டாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணா சாலைக்கு வந்து சேரும் நேரம் குறையப் போவதில்லை. அதை முடிவு செய்வது வாசல்.

டிஸ்க் விஷயத்தில் இந்த வாசலை முதலில் கண்கூடாகப் பார்த்தவர்களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் முக்கியமானவர்கள். 1988இல் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கணினிகளுக்கென்று செய்யப்படும் விலை உயர்ந்த ஒற்றை டிஸ்க்குக்குப் பதிலாக, சின்னக் கணினிகளுக்கு வரும் மலிவான டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பது அவர்கள் வாதம். ஒன்று கெட்டுப்போனாலும் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு அதன் தரவை மீட்டுவிடலாம். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெய்டு. இன்று வங்கியிலிருந்து டிவி சேனல் வரை அது இல்லாத இடம் கிடையாது.

ஆனால் கட்டுரையை இயந்திரமாக்கியபோது ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. சன் 4/280 என்ற கணினியில் 28 டிஸ்க்குகளை மாட்டி முதல் மாதிரியைக் கட்டினார்கள். அதில் ஒரு டிஸ்க் தனியாக விநாடிக்கு 1.3 எம்பி கொடுத்தது. 28 டிஸ்க்கும் சேர்ந்து, பயன்படுத்துகிறவர் கைக்கு வந்து சேர்ந்தது விநாடிக்கு 2.3 எம்பி. அதாவது ஏறத்தாழ இரண்டு டிஸ்க்கின் வேகம். மீதி 26 டிஸ்க்கின் உழைப்பு வீண் என்பதை அவர்களே பின்னாளில் கட்டுரையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள்.

காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். டிஸ்க்கிலிருந்து வரும் தரவு கணினியின் மெமரிக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டது. அது போதாதென்று, அந்த இயந்திரத்தின் பின்பலகைப் பஸ் விநாடிக்கு 9 எம்பியிலேயே நிரம்பிவிட்டது. அடுத்து அவர்கள் கட்டிய ரெய்டு-2வில் வேறு வழி பிடித்தார்கள். அதே சன் 4/280தான் எஜமானன். ஆனால் சரக்கு அதன் வழியாகப் போகவில்லை. டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் நேராக இணைக்கும் குறுக்குப்பாதைப் பலகை ஒன்றைத் தனியாகச் செய்தார்கள். சன் கணினி உத்தரவு மட்டும் போட்டது. வேகம் விநாடிக்குச் சுமார் 20 எம்பிக்கு ஏறியது.

இந்தப் பாடம் சாதாரண பிசிக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. 1992இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ பஸ் அன்று பெரிய அகலப்பாதை. 32 கம்பிகள், ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 3 கோடியே 30 லட்சம் தடவை. கணக்குப் போட்டால் விநாடிக்கு 133 எம்பி. ஒரு டிஸ்க் ஐந்தாறு எம்பி கொடுக்கத் திணறிய காலத்தில் இது வற்றாத கிணறு மாதிரி இருந்திருக்கும். பத்தே வருஷத்தில் ஒரு டிஸ்க் 40, 50 எம்பி கொடுக்க ஆரம்பித்தது. மூன்று டிஸ்க் போட்டாலே கிணறு வற்றியது.

நம் ஊரில் இந்தக் கணக்கு முதலில் உறைத்த இடங்களில் ஒன்று சினிமா. 1994இல் வந்த ‘மகாநதி’தான் ஆவிட் கணினியில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. அந்தக் கால எடிட்டிங் கணினிகளில் தெரிந்த பிம்பம் மங்கலாக இருக்கும். டிவி தரத்திலான படத்தைச் சுருக்காமல் ஓட்ட விநாடிக்குச் சுமார் 21 எம்பி வேண்டும். அன்றைய டிஸ்க்கும் பஸ்ஸும் அதைத் தாங்காது. அதனால் படத்தை நன்றாகச் சுருக்கி, மங்கலான பிரதியில் வெட்டித் தீர்மானித்துவிட்டு, அந்தப் பட்டியலை வைத்து நெகட்டிவை வெட்டினார்கள். ‘ஆஃப்லைன் எடிட்டிங்’ என்ற தொழில்முறைக்குப் பின்னால் பாதையின் அகலக்குறைவும் ஒரு காரணம். எடிட்டர்கள் அதற்குள்ளேயே வேலை செய்யப் பழகிக்கொண்டார்கள்.

நான் இதைக் கையால் தொட்டுப் பார்த்தது 2004இல். நந்தனத்தில், சேமியர்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் ஒரு வீட்டு மாடி. விளம்பரப் படங்களுக்குப் பின்வேலை செய்யும் சின்ன ஸ்டுடியோ. புதிதாக ஹெச்டி வேலை வந்திருந்தது. சுருக்காத ஹெச்டி படத்துக்கு விநாடிக்கு 104 எம்பி தேவை. ரிச்சி தெருவில் வாங்கிய நான்கு டிஸ்க்கை ரெய்டு கார்டில் மாட்டியிருந்தார்கள். படம் திக்கித் திக்கி ஓடியது. விற்றவர் இன்னும் நான்கு டிஸ்க் போடச் சொன்னார். போட்டார்கள். அப்போதும் திக்கியது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒவ்வொரு டிஸ்க்காகக் கூட்டி வேகத்தை அளந்து தாளில் எழுதினேன். ஒன்றுக்கு 45. இரண்டுக்கு 90. மூன்றுக்கு 110. நான்குக்கும் 110. எட்டுக்கும் 110. ஸ்டுடியோ முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார்.

“தம்பி, நாலுக்கும் அதே ஸ்பீடு, எட்டுக்கும் அதே ஸ்பீடா? அப்ப மிச்ச டிஸ்க்கெல்லாம் என்ன பண்ணுது?”

“வரிசையில நிக்குது சார்.”

கணினியைத் திறந்து காட்டினேன். ரெய்டு கார்டு 64 கம்பிக்காகச் செய்யப்பட்டது. போர்டில் இருந்தது 32 கம்பி ஸ்லாட். கார்டின் வால் ஸ்லாட்டுக்கு வெளியே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி மாட்டினாலும் கார்டு வேலை செய்யும், பாதி அகலத்தில். எழுத்தில் 133 என்று இருந்தாலும், யார் பேசுவது என்று முடிவு செய்யும் நேரமெல்லாம் போகக் கைக்கு வருவது 110 பக்கம்தான். இதே பஸ்ஸில்தான் படத்தை மானிட்டருக்கு அனுப்பும் வீடியோ கார்டும் இருந்தது. டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு ஒரு தடவை, மெமரியிலிருந்து வீடியோ கார்டுக்கு ஒரு தடவை. ஆக 104 இரண்டு மடங்காகி 208 வேண்டும். எண்பது டிஸ்க் போட்டாலும் அந்த வழியில் அது போகாது.

வேறு போர்டு வாங்க வேண்டும் என்றதும் அவர் முகம் வாடியது. டிஸ்க் வாங்கிய பில் மேஜையிலேயே கிடந்தது. வட்டிக்கு வாங்கிய பணம். “இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நாலு டிஸ்க் காசு மிச்சமாயிருக்குமே” என்றார். சர்வர்களுக்கான போர்டில் 64 கம்பி, இரட்டிப்பு வேகத்தில் ஓடும் பஸ் இருக்கும். கணக்கில் விநாடிக்கு 533 எம்பி. அதோடு இரண்டு தனித்தனி பஸ்கள். ஒன்றில் டிஸ்க் கார்டு, மற்றதில் வீடியோ கார்டு என்று பிரித்து மாட்டினோம். அதே எட்டு டிஸ்க், 240ஐத் தொட்டது. ஹெச்டி திக்காமல் ஓடியது.

முழுநீளத் திரைப்படத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் பெரிது. ஃபிலிமை 2கே அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு ஃப்ரேம் சுமார் 12.7 எம்பி. விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓட 306 எம்பி வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் 2,16,000 ஃப்ரேம், ஏறத்தாழ 2.75 டெராபைட். 1964இல் வந்த ‘கர்ணன்’ டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரையரங்குக்கு வந்தபோது நாம் வண்ணத்தையும் ஒலியையும் பார்த்து மகிழ்ந்தோம். இத்தகைய வேலைகளில் லட்சக்கணக்கான ஃப்ரேம்கள் டிஸ்க்கிலிருந்து திரைக்கும் திரையிலிருந்து டிஸ்க்குக்கும் போய்வர வேண்டும். பாதை குறுகலாக இருந்தால் ஒரு படத்துக்கு ஆகும் நாட்கள் கூடும், செலவு கூடும். பெட்டிகளில் நெகட்டிவ் அழிந்துகொண்டிருக்கும் பழைய படங்களுக்கு அந்த நாட்கள் சாதாரணமானவை அல்ல.

2003இல் வரையறுக்கப்பட்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் பொதுவழி என்ற எண்ணத்தையே கைவிட்டது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி லேன்கள். முதல் தலைமுறையில் ஒரு லேனுக்கு, ஒரு திசையில் 250 எம்பி. பெர்க்லிக்காரர்கள் குறுக்குப்பாதைப் பலகையில் செய்ததன் தூரத்து உறவு என்று இதைச் சொல்லலாம். பிரச்சினை தீர்ந்தது என்று பலரும் நினைத்தார்கள். கொஞ்ச நாள் தீர்ந்தும் இருந்தது.

இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. விரல் நீளமுள்ள எஸ்எஸ்டி ஒன்றே மூன்றாம் தலைமுறைப் பாதையின் நான்கு லேனை ஏறக்குறைய நிரப்பிவிடும், விநாடிக்கு மூன்றரை ஜிபி. மூன்று எஸ்எஸ்டி மாட்ட இடமுள்ள மதர்போர்டுகள் பல உண்டு. அவற்றில் சிலதில் அந்த மூன்றும் சிப்செட் வழியாகப் போய், ப்ராசசரை அடைய நான்கு லேன் அகலமுள்ள ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. பெயர்தான் பஸ் இல்லையே தவிர, நெரிசல் அதேதான். சில போர்டுகளில் ஸ்லாட் பார்க்க 16 லேன் நீளம் இருக்கும், உள்ளே நான்குக்குத்தான் இணைப்பு.

பெர்க்லியில் 28 டிஸ்க்கை மாட்டியவர்கள் உலகின் தேர்ந்த பொறியாளர்கள். தங்கள் கணக்கு எங்கே இடித்தது என்று அளந்து, அதை அச்சிலும் போட்டதால் அடுத்து வந்தவர்களுக்கு வழி தெரிந்தது. அந்த விவரம் சேமியர்ஸ் ரோடு மாடி வரை வந்து சேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவும் காசு போன பிறகு வந்தது. இப்போது யாராவது டிஸ்க் வாங்க யோசனை கேட்டால் எத்தனை டிஸ்க் என்று நான் முதலில் கேட்பதில்லை. போர்டின் கையேட்டில் எந்த ஸ்லாட்டுக்கு எத்தனை லேன், அது ப்ராசசருக்கு நேராகப் போகிறதா, சிப்செட்டைச் சுற்றிப் போகிறதா என்று ஒரு படம் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தை அனுப்பச் சொல்கிறேன். பாதிப் பேர் அப்படி ஒரு பக்கம் இருப்பதையே அன்றுதான் பார்க்கிறார்கள்.