நகரத்தில் மல்லார்ட் வாத்து

ஐரோப்பிய, வட அமெரிக்க நகரங்களில் பூந்தொட்டியிலும் மொட்டைமாடியிலும்கூட முட்டையிடும் காட்டு வாத்து இனம். பெட்டை ஏறத்தாழ 28 நாள் தனியாகவே அடைகாக்கும்; பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் தாயின் பின்னே நீர்நிலைக்கு நடக்கும். ஆகவே கூடு அமைந்த இடத்தைவிட, கூட்டுக்கும் குளத்துக்கும் இடைப்பட்ட சாலையே பெரிய ஆபத்து. மாடியிலிருந்து குதித்தால் குஞ்சு இறந்துவிடாதா என்பர். எடை குறைந்த, தூவி போர்த்த உடல் என்பதால் புல்தரையில் விழும் குஞ்சுகள் பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுகின்றன. அந்தச் சாலையில் உண்மையான கண்ணி மழைநீர் வடிகால்: தாய் மிதித்துக் கடக்கும் கம்பி இடுக்கில் குஞ்சு விழுந்துவிடும். அப்படியானால் பிடித்துக்கொண்டுபோய்க் குளத்தில் விடலாமே என்பது நல்லெண்ணம்தான். ஆனால் மிரண்ட தாய் பறந்துவிட்டால் குஞ்சுகள் பிழைப்பது அரிது. போக்குவரத்தைச் சற்று நிறுத்தி, செங்குத்துக் கரையில் சாய்பலகை வைத்தாலே பெரும்பாலும் போதும். ரொட்டித் துண்டு போடவேண்டாம். வளரும் குஞ்சுக்குத் தேவை பூச்சிகள் தரும் புரதம்.