சின்னக் கைக்கு எந்த பேஸ் கிட்டார்? விலைக்கு முன்னால் நீளத்தைப் பாருங்க

ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் உள்ள டிஆர்டிஎல் ஆய்வகத்துக்கு 1982-ல் இயக்குநராக வந்த அப்துல் கலாம், வீணை வாசிப்பவர். வேலைக்கு நடுவே ஒரு வாத்தியம் என்பது அந்த ஏரியாவுக்குப் புதுசு இல்லை. இளையராஜா பாட்டைக் கேட்டு பேஸ் மேல் ஆசை வந்து, நாலு நாள் வாசித்துவிட்டு, “என் கை சின்னது, வராது” என்று மூலையில் வைத்துவிடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. தப்பு கையில் இல்லாமல், கிட்டாரின் அளவில் இருக்கலாம்.

எந்த அளவு?

கழுத்தின் நுனியில் உள்ள நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்தான் ‘ஸ்கேல்’. 1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் 34 இன்ச்தான் இன்றும் வழக்கமான அளவு. 30 இன்ச் என்றால் ‘ஷார்ட் ஸ்கேல்’.

எவ்வளவு வித்தியாசம்?

1-வது ஃபிரெட்டிலிருந்து 4-வது ஃபிரெட் வரை உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டோம்:

- 34 இன்ச்: 13 செ.மீ.
- 30 இன்ச் (ஃபெண்டர் மஸ்டாங் போன்றவை): 11.4 செ.மீ.
- 28.6 இன்ச் (ஐபனெஸ் மைக்ரோ): 10.9 செ.மீ.

அதே கம்பியை 30 இன்ச்சில் அதே சுருதிக்குக் கட்டினால் இழுவிசையும் சுமார் 22% குறையும். விரல் அழுத்துவது சுலபம்.

எடை?

முழு அளவு பேஸ் 4 கிலோ பக்கம் வரும். ஆனால் லேசாக இருந்தால் மட்டும் போதாது. உடல் லேசாகி, கழுத்து கனமாக இருந்தால் தலைப்பக்கம் சாயும். அதைத் தாங்கியே இடது கை களைத்துவிடும். ஸ்ட்ராப்பை மாட்டி, நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் எடுத்துப் பாருங்க. சாயாமல் நின்றால் நல்லது.

கடையில் 34 இன்ச் மட்டும்தான் இருக்கா?

அதிலேயே 3 முதல் 6-வது ஃபிரெட் வரை நாலு விரலையும் வையுங்க. கிட்டத்தட்ட 30 இன்ச் பேஸின் முதல் நாலு ஃபிரெட் இதே தூரம்தான். இங்கே சுகம், முதல் ஃபிரெட்டில் கஷ்டம் என்றால் ஷார்ட் ஸ்கேல் உங்களுக்கு.

ஏற்கெனவே 34 வாங்கியாச்சா?

விற்க வேண்டாம். டபுள் பேஸில் கம்பி சுமார் 41 இன்ச் நீளம். அதனால் அதை வாசிப்பவர்கள் ஃபிரெட்டுக்கு ஒரு விரல் வைப்பதில்லை. கீழ் ஸ்வரங்களில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்தே அழுத்துவார்கள். அந்த ‘சிமாண்டில்’ முறை இங்கேயும் உதவும்.

ஷார்ட் ஸ்கேலில் குறையே இல்லையா?

இருக்கு. தடித்த ‘ஈ’ கம்பி கொஞ்சம் தளர்வாகத் தெரியும். கம்பியையும் ஷார்ட் ஸ்கேல் அளவு கேட்டுத்தான் வாங்கணும். ஆனால் இது பொம்மை இல்லை. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் 30 இன்ச்தான்.

ஒன்று மட்டும்: மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்க. வலியைப் பொறுத்துக்கொள்வது பயிற்சி ஆகாது.