வயலுக்கு அடித்த மருந்தும் வயிற்றில் வாழும் உயிர்களும்

திருப்பரங்குன்றத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், முதுகில் தெளிப்பானைச் சுமந்து வரப்பின்மேல் நடக்கும் உழவரை நிறுத்தி, என்ன செய்கிறீர் என்று வினவுங்கள். 'மருந்து அடிக்கிறேன்' என்றே விடை வரும். நஞ்சை மருந்து என்று வழங்குவது நம் நாட்டு வழக்கு. அம்மருந்து மிகச் சிறிய அளவில் மனிதர் உடலுள் புகுந்தால் அதன் கதி யாது? இவ்வினாவுக்கு நம் மதுரை மண்ணிலேயே ஒரு விடை கிடைத்த வரலாற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் பரவிய பூச்சிகொல்லி டி.டி.டி. அது மண்ணிலும், உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் அழியாமல் தங்கிவிடும். இக்குறையைக் கண்டபின், அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டவை கரிம பாஸ்பரஸ் பூச்சிகொல்லிகளாகும். இவ்வகையில் பெரிதும் உழைத்தவர் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் கெரார்டு ஷ்ராடர். பூச்சிக்கு மருந்து தேடப் புகுந்த அவர் கையில் 1936ஆம் ஆண்டு தபூன் என்னும் போர் நஞ்சே முதலில் சிக்கியது. பாரத்தியான் பின்னர் வந்தது. நரம்பின் செய்தி தசையை அடைந்தபின் அதனை முடித்துவைக்கும் நொதி ஒன்று உண்டு; அதனைத் தடுத்தே இவை கொல்லுகின்றன. இவற்றின் கொடுமையை நம் அண்டை மாநிலம் அறியும். 1958ஆம் ஆண்டு கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆயினும், சிறிய அளவில் இவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை, விரைவில் சிதைந்துவிடும் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. அதற்கு ஆதாரமும் இருந்தது. 1973ஆம் ஆண்டு சேதுநாதன் என்னும் இந்திய அறிஞர், யோஷிதா என்பவருடன் சேர்ந்து, பிலிப்பைன்ஸ் நாட்டு நெல்வயலில் வாழும் ஒரு பாக்டீரியா டயசினானையும் பாரத்தியானையும் சிதைப்பதைக் காட்டினார். மண்ணுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பாக்டீரியா மண்ணில் மட்டுமா வாழ்கிறது? நம் குடலிலும் கோடானுகோடியாக வாழ்கிறது. நான் வகுப்பில் கற்பித்த நாள்களில் குடலைச் செரித்த உணவை உறிஞ்சும் குழாயாகவே விளக்கினேன். எங்கள் பாடநூலும் அவ்வளவில் நின்றது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணேசன் வேல்முருகன், சுப்பையா இராமசாமி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இந்தக் குடலைத்தான் ஆராய்ந்தனர். திருப்பரங்குன்றம் வட்டாரச் சிற்றூர்களில் 3080 பேரிடம் குருதி எடுத்துச் சோதித்தனர். பூச்சிகொல்லியோடு நாளும் பழகுவோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவ்வாறு பழகாதவர்களைவிட இது ஏறத்தாழ மூன்று மடங்கு. உடற்பருமன், உழைப்பின்மை என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களோ அவ்வூர்களில் குறைவு. நாள் முழுதும் வெயிலில் உழைப்பவருக்குச் சர்க்கரை நோய் ஏன் வரவேண்டும்?

விடை தேடிச் சுண்டெலிகளுக்குக் குடிநீரில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிகொல்லியைச் சிறிதளவு கலந்து 180 நாள் கொடுத்தனர். இரண்டாண்டளவே வாழும் சுண்டெலிக்கு அது நெடுங்காலம். நரம்பு நொதி கெடவில்லை. குருதியில் சர்க்கரை மட்டும் ஏறியது. குடல் பாக்டீரியாக்கள் நஞ்சைச் சிதைத்தபோது அசிடிக் அமிலம், அதாவது காடியில் உள்ள புளிப்புப் பொருள், மிகுதியாகத் தோன்றியது. அதனைக் கொண்டு குடலும் கல்லீரலும் புதிதாகச் சர்க்கரையை உண்டாக்கின. இந்த எலிகளின் குடல் நுண்ணுயிர்களை, நஞ்சே அறியாத வேறு எலிகளுக்கு மாற்றியபோது அவற்றுக்கும் சர்க்கரையை ஆளும் திறன் குன்றியது. இச்சோதனையே முழு ஆய்விலும் எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றுவது. இம்முடிவுகள் 2017ஆம் ஆண்டு 'ஜீனோம் பயாலஜி' என்னும் இதழில் வெளிவந்தன.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஊர்க் கணக்கெடுப்பு இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதைக் காட்டுமேயன்றி, ஒன்றினால்தான் மற்றொன்று விளைந்தது என்று மெய்ப்பிக்காது. எலியில் கண்டது அனைத்தும் மனிதரிடம் அப்படியே நிகழும் என்பதும் இல்லை. அசிடிக் அமிலமோ நாம் உண்ணும் நார்ப்பொருளிலிருந்தும் குடலில் நாள்தோறும் உண்டாவதே. அதனைக் கண்டு அஞ்சி மோரையும் கீரையையும் ஒதுக்குவது பேதைமை. ஆனால் 'சிதைந்துவிட்டது, ஆகவே தீர்ந்துவிட்டது' என்ற பழைய வாதம் இவ்வாய்வுக்குப் பின் எளிதாக நிற்காது.

மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குத் தெளிப்பது 2005ஆம் ஆண்டே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2013ஆம் ஆண்டு பீகாரில் பள்ளி மதிய உணவில் அது கலந்து 23 பிள்ளைகள் இறந்தனர். அதன் 36 விழுக்காட்டுக் கரைசலை விலக்கும் ஆணையை நடுவண் அரசு பிறப்பித்தது 2023ஆம் ஆண்டில்தான்.